சாலையோர வியாபாரி அட்டை, சான்றிதழ், கடன்: பயன்படுத்திப் பார்த்தவளின் மதிப்பீடு

எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் நடுவில் உள்ள சாலையில், சாயங்காலம் வண்டியை நிறுத்திப் பணியாரமும் ஆப்பமும் போடுகிறேன். என் மாமியார் அதே இடத்தில் தரையில் கூடை வைத்து இட்லி விற்றவர். அவருக்கு முட்டி வலி வந்து உட்கார முடியாமல் போனபோது அடுப்பு என் கைக்கு வந்தது. ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. நாளைக்கும் நான் அங்கேதான் கடை போட வேண்டும்.

புதிதாகக் கடை போட வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அக்கா, அந்த அட்டையை வாங்கிட்டா வண்டியைத் தூக்க மாட்டாங்கல்ல?" இதற்கு வண்டி பக்கத்தில் நின்றுகொண்டு பதில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். அடையாள அட்டை வேறு, விற்பனைச் சான்றிதழ் வேறு, தெருவோர வியாபாரிகளுக்காக மத்திய அரசு கொண்டுவந்த ஸ்வநிதி கடன் வேறு. மூன்றையும் ஒன்றென்று நினைத்து, அட்டை கைக்கு வந்ததும் நிம்மதியாக இருந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால் அட்டைக்கு ஐந்தில் இரண்டு கொடுப்பேன், கடனுக்கு மூன்றரை, இடம் குறித்த சான்றிதழுக்கு நான்கு.

முதலில் அட்டை. தெருவோர வியாபாரிகளை உள்ளாட்சி கணக்கெடுக்கும்போது ஆட்கள் வந்து வண்டியோடு சேர்த்துப் போட்டோ எடுப்பார்கள். ஆதார், கைப்பேசி எண், என்ன வியாபாரம் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். பட்டியலில் பெயர் வந்தால் பிற்பாடு போட்டோ போட்ட அட்டை கிடைக்கும். இதனால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ராத்திரி ரோந்து வருகிற போலீஸ்காரர் "யாரும்மா நீ, எந்த ஊரு" என்று கேட்கும்போது காட்டலாம். வங்கியில் காட்டலாம். ஆனால் நீ யார் என்பதைச் சொல்கிற அட்டை, நீ எங்கே நிற்கலாம் என்பதைச் சொல்வதில்லை. என் அட்டையில் இடம் என்ற கட்டத்தில் வார்டு எண் மட்டும்தான் இருந்தது. ஒரு வார்டில் எத்தனை தெரு, எத்தனை முக்கு! நான் நிற்கிற முக்கிலிருந்து என்னை எழுப்ப வருகிறவரிடம் வார்டு எண்ணைக் காட்டி என்ன செய்வது?

அப்புறம்தான் சான்றிதழ். 2014 மே 1 முதல் நாடு முழுக்க நடைமுறையில் இருக்கிற தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி, கணக்கெடுப்பில் வந்த ஒவ்வொருவருக்கும் விற்பனைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று விற்கிறவருக்கு ஒரு வகை, சுற்றி விற்கிறவருக்கு ஒரு வகை. நானோ என் குடும்பத்து ஆளோதான் வியாபாரம் செய்ய வேண்டும், வேறு பிழைப்பு இருக்கக் கூடாது, சான்றிதழை இன்னொருவருக்கு வாடகைக்கு விடக் கூடாது என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த நிபந்தனைகள் நியாயமானவை. எங்கள் சாலையிலேயே நாலு இடத்தைப் பிடித்து ஆள் போட்டு வாடகை வாங்குகிறவர் உண்டு. அவரால்தான் உண்மையாகப் பிழைக்க வந்தவருக்கு இடம் கிடைப்பதில்லை.

சான்றிதழ் வைத்திருப்பவர் இறந்துவிட்டாலோ, உடம்பு முடியாமல் போனாலோ, அது செல்லுபடியாகும் காலம் முடியும் வரை கணவனோ மனைவியோ அவரை நம்பி இருக்கிற பிள்ளையோ அந்த இடத்தில் தொடரலாம். என் மாமியாருக்கு இப்படி ஒரு தாள் இருந்திருந்தால், அவர் குடும்பத்து ஆள் என்ற முறையில் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது "இது யார் இடம்" என்ற சண்டையே வந்திருக்காது. பெண்களுக்கு இந்த விதி முக்கியம். எத்தனையோ கடைகளில் வேலை செய்வது மனைவி, பெயர் இருப்பது கணவனுக்கு.

சான்றிதழ் வாங்கும்போது இடம் என்ற கட்டத்தைப் பாருங்கள். "பேருந்து நிலையச் சாலை" என்று மட்டும் இருந்தால் போதாது. எந்தக் கட்டடத்துக்கு எதிரில், எந்த மின்கம்பத்துக்குப் பக்கத்தில் என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். "அதெல்லாம் எழுத இடமில்லம்மா" என்றுதான் முதலில் சொல்வார்கள். மனுவாக எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிட்டால், அந்த மனுவின் நகலே பிறகு உங்களுக்கு ஆதாரம். என்னுடையதில் மருந்துக் கடையின் எதிர்ப்புறம் என்று இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் நான் நான்கு மதிப்பெண் கொடுத்தேன்.

சான்றிதழ் வருவதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு திருவிழா சமயம் கடைகளை அப்புறப்படுத்த உள்ளாட்சி லாரி வந்தது. பக்கத்தில் பூ விற்கிற அக்காவின் கூடையை முதலில் எடுத்தார்கள், அப்புறம் என் வண்டி. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, கல்லில் பணியாரம் இருந்தது. "சார், மாவை மட்டுமாவது விடுங்க" என்று கேட்டேன். மாவுத் தூக்கையும் சேர்த்துத்தான் ஏற்றினார்கள். என்ன எடுத்தோம் என்று ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை. பிறகு போய்க் கேட்டபோது வண்டி கிடைத்தது, பணியாரக் கல்லும் பர்னரும் கிடைக்கவில்லை. எடுத்ததற்குச் சீட்டு இல்லாததால், அவை வண்டியில் இருந்தன என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமாகக் கிடைத்த வக்கீல் அம்மா சொல்லிக் கொடுத்தார். (பெண்களுக்கு அங்கே வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். இது நிறையப் பேருக்குத் தெரியாது.) அந்தச் சட்டத்தின் 18-வது பிரிவின்படி, கடையை அப்புறப்படுத்த வேண்டுமானால் 30 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்தக் கெடுவுக்குப் பிறகும் காலி செய்யாதவருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் வரை அபராதம் போடலாம். 19-வது பிரிவின்படி, பொருளை எடுத்தால் பட்டியல் எழுதி, கையெழுத்துப் போட்டு ஒரு நகலை நம்மிடம் கொடுக்க வேண்டும். உரிய கட்டணத்தைக் கட்டிக் கேட்டால் கெட்டுப்போகிற பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும்.

இது தெரிந்த பிறகு எங்கள் வரிசையில் எல்லாரும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். கடை விரித்ததும் கைப்பேசியில் வண்டியை ஒரு போட்டோ. அடுப்பு, கல், சிலிண்டர், பாத்திரம் எல்லாம் அதில் தெரிய வேண்டும், பின்னால் இருக்கிற கட்டடமும் தெரிய வேண்டும். அதை எங்கள் குழுவுக்கு அனுப்பிவிடுவோம். லாரி வந்தால் கத்துவதில்லை, வண்டியைப் பிடித்து இழுப்பதில்லை. "சார், லிஸ்ட் எழுதிக் கொடுங்க, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்று எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்வோம். அடுத்த முறை வந்தவர்கள் தாளும் பேனாவும் தேடினார்கள். அப்புறம் இரண்டு வண்டியை எடுத்தார்கள், இரண்டுக்கும் பட்டியல் இருந்தது, இரண்டும் முழுசாகத் திரும்பி வந்தன.

இனி பெரிய விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் இந்தச் சாலையையே விற்பனை தடை செய்யப்பட்ட பகுதி என்று அறிவித்துவிட்டால் என்ன செய்வது? அட்டை வைத்திருப்பவரும் சரி, சான்றிதழ் வைத்திருப்பவரும் சரி, இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதே இல்லை. கேட்டுக்கொள்ள வேண்டும். எந்தெந்தத் தெருவில் தாராளமாக விற்கலாம், எங்கே நேரம் பார்த்து விற்கலாம், எங்கே விற்கவே கூடாது என்று நகரத்தைப் பிரிக்கிற வேலை பல ஊர்களில் நடக்கிறது. கோடு போடுகிற அன்றைக்கு நாம் அங்கே இருக்கிறோமா என்பதுதான் பிழைப்பைத் தீர்மானிக்கிறது.

சட்டத்தின் முதல் அட்டவணையை யாராவது படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து ஒரு முறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கணக்கெடுப்பு முடியாமல் எந்த இடத்தையும் தடைப்பகுதி என்று அறிவிக்கக் கூடாது. கணக்கெடுப்பில் ஏற்கெனவே சந்தை என்று அடையாளம் கண்ட இடத்தைத் தடைப்பகுதி ஆக்கக் கூடாது. கூட்டம் அதிகம் என்பதையும் காரணமாகச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல வேண்டுமானால், கணக்கெடுப்பில் வராத புது ஆட்களுக்குச் சான்றிதழ் கொடுப்பதைத்தான் முதலில் கட்டுப்படுத்த வேண்டும். குப்பை, சாக்கடை என்று காரணம் காட்டினால், அது முழுக்க வியாபாரிகளால் மட்டுமே வந்தது என்றும், வேறு எந்த வழியிலும் சரிசெய்ய முடியாது என்றும் ஆக வேண்டும். எடுப்பதாக இருந்தாலும் ஆகக் குறைந்த பேரை எடுக்கிற மாதிரிதான் திட்டம் போட வேண்டும். 50 வருடத்துக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் சந்தையைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. இவ்வளவு நமக்குச் சாதகமாக எழுதி வைத்திருக்கிறார்கள், நாம் கையில் பிளாஸ்டிக் அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிறோம் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இதையெல்லாம் முடிவு செய்ய வேண்டிய இடம் நகர விற்பனைக் குழு. தலைவராக நகராட்சி அல்லது மாநகராட்சி ஆணையர் இருப்பார். உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளாக இருக்க வேண்டும், வியாபாரிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்த 40 சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. ஓட்டுப் போடுவதற்கு உங்கள் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். அட்டைக்கு நான் இரண்டு மதிப்பெண்ணாவது கொடுத்ததற்கு இதுதான் காரணம்.

உங்கள் ஊரில் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது, என்ன தீர்மானம் போட்டது என்று கேட்டால் வாயால் பதில் வராது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எழுத்தில் கேளுங்கள். நாங்கள் கேட்டது நான்கே விஷயம்: கணக்கெடுப்புப் பட்டியல், குழு உறுப்பினர்களின் பெயர், கூட்டக் குறிப்புகளின் நகல், எங்கள் சாலையைப் பற்றி ஏதாவது அறிவிப்பு உண்டா என்பது. பதில் வந்தபோது பட்டியலில் பூக்கார அக்காவின் பெயரே இல்லை. கணக்கெடுப்பு பெரும்பாலும் காலையில்தான் நடந்தது. அக்கா கடை போடுவது சாயங்காலம். சாயங்கால வியாபாரிகளும் ராத்திரி வியாபாரிகளும் எல்லா ஊரிலும் இப்படித்தான் விடுபட்டுப்போகிறார்கள். அவருக்காக நாங்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, பழைய போட்டோக்களையும் சேர்த்து மனு கொடுத்தோம். அடுத்த பட்டியலில் சேர்ந்துவிட்டார்.

இடம் மாற்றம் என்று வந்தால் எந்த இடத்துக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சென்னையில் பாண்டி பஜார் நடைபாதைக் கடைக்காரர்களை 2013-ல் தனிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். கூரை இருக்கிறது, மழைக்குப் பயமில்லை. ஆனால் நடந்துபோகிறவர் கண்ணில் பட்டு, ஒரு நிமிடம் நின்று, விலை கேட்டு வாங்குவதுதான் நடைபாதை வியாபாரம். ஒரு கிளிப்பும் வளையலும் வாங்க யார் மாடி ஏறுவார்கள்? மேல் மாடியில் வியாபாரம் இல்லை என்று அங்கே இருந்தவர்கள் சொன்னதில் ஆச்சரியமே இல்லை. பட்டினப்பாக்கம் பக்கம் லூப் சாலையில் நடந்தது வேறு. சாலையோர மீன் கடைகளைப் பற்றி உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தானாக வழக்கை எடுத்துக்கொண்டது. கடைகளை அகற்றியபோது மீனவர்கள் சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் 360-க்கும் மேற்பட்ட கடைகளோடு மீன் அங்காடி திறந்தது. அதிலும் குறை சொல்கிறவர்கள் உண்டு. ஆனாலும் அது அதே சாலையில், கடல் பக்கத்திலேயே, தரைமட்டத்தில் இருக்கிறது. வழக்கமாக மீன் வாங்க வருகிறவர் வண்டியைத் திருப்ப வேண்டியதில்லை.

அதனால் எங்கள் ஊரில் "மார்க்கெட் பின்னாடி காலி இடம் தர்றோம், எல்லாரும் அங்க போயிடுங்க" என்று பேச்சு வந்தபோது நாங்கள் மாட்டோம் என்று மட்டும் சொல்லி நிற்கவில்லை. அந்த இடத்தைப் போய்ப் பார்த்தோம். விளக்கு இல்லை, ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஆள் நடமாட்டமும் இல்லை. என் வாடிக்கைக்காரர்கள் மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக இருக்கிறவர்களும் கடைசி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும். அவர்கள் எப்படி அங்கே வருவார்கள்? இதையே எழுதிக் கொடுத்தோம். கூடவே, இருக்கிற இடத்திலேயே என்ன மாற்றிக்கொள்ளத் தயார் என்பதையும் எழுதினோம். வண்டிகளை மருத்துவமனை வாசலிலிருந்தும் பஸ் நிற்கும் இடத்திலிருந்தும் தள்ளி ஒரே வரிசையாக நிறுத்துவது, சக்கர நாற்காலி போகிற அளவுக்கு நடைபாதையை விடுவது, கழுவின தண்ணீரைச் சாலையில் ஊற்றாமல் வாளியில் பிடித்துக்கொண்டு போவது, குப்பையை அவரவரே கட்டி எடுப்பது, ராத்திரி ஒரு வண்டிகூட அங்கே நிற்காமல் வீட்டுக்குத் தள்ளிப் போய்விடுவது. காலையில் காய்கறி, சாயங்காலம் டிபன் என்று ஒரே இடத்தை இரண்டு பேர் நேரம் பிரித்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்தோம். நேரம் பிரித்து விற்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. இதில் கஷ்டமானது வரிசைதான். ஓரத்து இடத்தை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசு வராது. குலுக்கல் போட்டு, மாதம் ஒரு முறை இடம் மாறிக்கொள்வது என்று முடிவு செய்தோம். மார்க்கெட் பின்பக்கப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

இனி கடன். பி.எம். ஸ்வநிதி 2020 ஜூனில், ஊரடங்கில் நாங்கள் எல்லாரும் கைமுதலைச் சாப்பிட்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் வந்தது. முதல் கடன் 10,000, அதை அடைத்தால் 20,000, அப்புறம் 50,000. அடமானம் கிடையாது. தவணை தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் கணக்கில் வந்து சேரும். 2025 ஆகஸ்டில் திட்டத்தை 2030 மார்ச் வரை நீட்டித்து, முதல் கடனை 15,000 ஆகவும் இரண்டாவதை 25,000 ஆகவும் உயர்த்தினார்கள். சான்றிதழ் இல்லாதவர்கள் உள்ளாட்சியில் பரிந்துரைக் கடிதம் வாங்கியும் விண்ணப்பிக்கலாம்.

இதற்கு முன் நான் தண்டல் வாங்கிக்கொண்டிருந்தேன். 10,000 என்று எழுதி 8,500 கையில் தருவார்கள், தினம் 100 ரூபாய் என்று 100 நாள் கட்ட வேண்டும். மழை பெய்து கடை போடாத நாளிலும் ஆள் வந்து வண்டி பக்கத்தில் நிற்பார். வங்கிக் கடனில் மாதம் ஆயிரத்துக்கும் குறைவாகத்தான் கட்டினேன். அந்த வித்தியாசத்தில்தான் புது இரும்பு வண்டியும் உருளுகிற நல்ல சக்கரமும் வாங்கினேன். ராத்திரி வண்டியை வீட்டுக்குத் தள்ளிப் போகலாம் என்று மனுவில் எழுத முடிந்ததே அந்தச் சக்கரத்தால்தான். ஒன்றரை மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் நான் போன வங்கிக் கிளை. அடமானம் வேண்டாம் என்று திட்டத்திலேயே இருக்கும்போது, சம்பளக்காரர் ஒருவரை ஜாமீனுக்குக் கூட்டிவரச் சொன்னார்கள். விதியை அச்செடுத்துக்கொண்டு போய் மேலாளரிடம் காட்டிய பிறகே கையெழுத்தானது. கியூஆர் அட்டையில் பணம் வாங்கினால் சிறிய தொகை திரும்ப வரும் என்பதும் உண்மை. எனக்கு அதைவிடப் பெரிய பயன், இத்தனை வருடமாக இந்த இடத்தில் வியாபாரம் செய்கிறேன் என்பதற்கு வங்கிக் கணக்கிலேயே தேதியோடு ஆதாரம் சேர்வது.

யாருக்குச் சிபாரிசு செய்வேன் என்று கேட்டால், ஒரே இடத்தில் நின்று விற்கிற எல்லாருக்கும். கூடையைத் தலையில் வைத்துத் தெருத் தெருவாகப் போகிறவர்களுக்கு இடம் குறித்த சான்றிதழால் பெரிய லாபம் இல்லை, ஆனால் அட்டையும் கடனும் உதவும். உணவு விற்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொண்டு வண்டியில் தெரிகிற மாதிரி ஒட்டி வையுங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கத்திலிருந்து தொல்லை வரும்.

கடைசியாக, அலுவலக வாசலில் நிற்கிற தரகர்கள். "அட்டை வாங்கித் தர்றேன், கடனும் சேர்த்து முடிச்சுத் தர்றேன்" என்று ஆதாரையும் கைப்பேசியையும் கேட்பார்கள். கைப்பேசியில் வருகிற ஓடிபி எண்ணைச் சொல்லிவிட்டு, தன் பெயரில் யாரோ கடன் எடுத்ததைத் தவணை நோட்டீஸ் வந்த பிறகு தெரிந்துகொண்ட பழக்கடைத் தம்பி எங்கள் வரிசையிலேயே இருக்கிறான். கட்ட வேண்டிய கட்டணம் எதுவானாலும் கவுன்டரில் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். படிவம் நிரப்பத் தெரியவில்லை என்றால் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் என் வண்டிக்கு வாருங்கள். மருந்துக் கடைக்கு எதிர்ப்புறம். மாவு ஊற்றுவது கொஞ்சம் ஓய்ந்ததும் உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.